பிறந்த வீட்டுக் கோடி

செல்போனை ஆவுடைநாயகம் முதலில் அரிசி டின்மேல் சாய்த்து வைத்தார். அதில் அவருடைய நெற்றியும் மேலே சுற்றுகிற காற்றாடியும்தான் தெரிந்தன. பிறகு குத்துவிளக்கில் சாய்த்தார். வழுக்கி விழுந்தது. கடைசியில் மனைவி இராமலட்சுமி அடுக்களையிலிருந்து மிக்ஸி ஜாரைக் கொண்டுவந்து வைத்தாள். சட்னி அரைக்கிற சின்ன ஜார். அதில் சாய்த்த பிறகுதான் அவர் திரையில் முழுசாக வந்தார்: பட்டைக் கரை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, தோளில் மடிப்புக் கலையாத நேரியல். செத்துப்போன அக்காவை அனுப்பிவைக்க ஒரு தம்பி எப்படி உட்கார வேண்டுமோ அப்படித்தான் தென்காசி பக்கத்து மேலகரத்தில் உட்கார்ந்திருந்தார். அக்காதான் அங்கே இல்லை. சென்னையில், ஏதோ ஆஸ்பத்திரியின் பிணவறையில் கிடந்தாள்.

வாயை அசைத்து அவர் என்னவோ சொன்னார்.

"அப்பா, ஒண்ணும் கேக்கல. மியூட்டுல இருக்கிய," என்றாள் மீனா. அவர்களுடைய ஒரே மகள். பெங்களூரில் இருந்துகொண்டு இந்த வீடியோ கூட்டத்தைக் கூட்டியவள் அவள்தான். யார் வாய் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்பதெல்லாம் இப்போது அவள் விரலில் இருந்தது.

ஆவுடைநாயகம் எதையோ அமுக்கினார். குரல் வந்தது, முகம் போய்விட்டது.

"நான் என்னத்துக்குட்டி மியூட்டுல இருக்கணும்? நான்தான தம்பி!"

கறுப்புக் கட்டத்திலிருந்து அந்தக் கேள்வி மட்டும் கம்பீரமாக வந்தது. மற்ற கட்டங்களில் சொந்தக்காரர்கள் துக்கத்தோடு காத்திருந்தார்கள். ஒருவருக்குக் காது மட்டும் தெரிந்தது. இன்னொருவர் தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் தோசை தின்றுகொண்டிருந்தார்.

இராமலட்சுமி கணவருக்குப் பின்னால், கேமராவில் இடுப்பு வரைக்கும் தெரிகிற மாதிரி நின்றாள். முந்தின நாள் சாயங்காலம் தகவல் வந்ததிலிருந்து அவள் இன்னும் சரியாக அழவில்லை. பிணம் இல்லாத வீட்டில் எதைப் பார்த்து அழுவது என்று பிடிபடவில்லை. மைனி என்று அவள் கூப்பிடுகிற உலகம்மை, கணவரின் அக்கா, வருஷந்தோறும் ஆனி பிறந்ததும் பெட்டியோடு வந்து இறங்கி, மூன்று நாள் இருந்துவிட்டுப் போவாள். சாரல் விழ ஆரம்பித்த பிறகு சென்னையில் அவளுக்குத் தூக்கம் வராது. இந்த வருஷம் சாரல் வந்துவிட்டது, அருவிகளில் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்கத்தான் ஆளை விடவில்லை. ஐந்தருவி ரோட்டில் ஆவுடைநாயகத்தின் லாட்ஜ் ஊரடங்கில் பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் போனில் உலகம்மை கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சாரல் விழுதா லெச்சுமி?" விழுது மைனி என்று சொல்வதற்குள் இருமல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மூச்சுக்குழாய் வைத்துவிட்டார்கள்.

சென்னை நகரம் இந்த நோய்க்காக என்னென்னவோ செய்தது. நோய் வந்த வீட்டின் கதவில் ஸ்டிக்கர் ஒட்டியது. தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்தது. தினமும் ஒரு பெண்ணை அனுப்பி, வாசலுக்கு வெளியே நின்றே காய்ச்சல் பார்க்கச் சொன்னது. பொருட்காட்சி நடக்கிற மண்டபத்தில் வரிசையாகக் கட்டில் போட்டது. அதில் ஒரு கட்டிலில்தான் உலகம்மையின் புருஷன் படுத்திருந்தார். பெண்டாட்டி போய்விட்டாள் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் அந்த நகரம் ஒரு முறை வைத்திருந்தது. சாவுக்கும் வைத்திருந்தது: உடல் பைக்குள் போகும், வண்டி நேராக மயானத்துக்குப் போகும், வீட்டு ஆட்கள் ஒருவரோ இருவரோ கவச உடுப்பு மாட்டிக்கொண்டு தள்ளி நிற்கலாம், பையைத் திறக்கக் கூடாது.

மேலகரமும் சாவுக்கு ஒரு முறை வைத்திருந்தது. பெண் எந்த ஊருக்கு வாழப் போனாலும், எத்தனை பேரன் பேத்தி எடுத்தாலும், கடைசியாக அவள்மேல் விழுகிற புதுச்சேலை பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போடவேண்டும். அந்தக் கோடி வராமல் தூக்க விடமாட்டார்கள். கோடி வரச் சுணங்கியதற்காக இரண்டு வீட்டுக்காரர்களும் பாடைக்கு மேலாகவே அடித்துக்கொண்டதுண்டு. அதில் சிலவற்றை ஆவுடைநாயகம் தலைமை தாங்கி நடத்தியிருக்கிறார்.

சென்னையின் முறையும் மேலகரத்தின் முறையும் ஒன்றையொன்று கேள்விப்பட்டதுகூடக் கிடையாது.

முந்தின நாள் ராத்திரி ஆவுடைநாயகம் போன் மேல் போனாகப் போட்டார். தென்காசியைத் தனி மாவட்டமாக்கச் சொல்லி மனுக் கொடுத்த பலநூறு பேரில் அவரும் ஒருவர். அதனால் அந்த மாவட்டம் தனக்கு இவ்வளவுகூடச் செய்யாதா என்று இருந்தது அவருக்கு. யாரும் போனை எடுக்கவில்லை. எடுத்த ஒருவர், "அண்ணாச்சி, ஒமக்குச் சுகரு இருக்கு, வயசு ஆயிட்டு, வீட்ட விட்டு எறங்காதேயும்," என்று உடல்நலக் குறிப்பு சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தென்காசியில் ஜவுளிக்கடை திறந்திருந்தது, சேலை சென்னைக்குப் போக வழியில்லை. சென்னையில் உலகம்மையின் மகன் முத்துகுமரன் இருந்தான், அங்கே ஜவுளிக்கடை திறக்கவில்லை.

"கோடியில்லாம எங்க அக்கா போனான்னா நான் இருந்து என்னத்துக்கு?" என்றார் இராமலட்சுமியிடம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் சபைக்குச் சொல்லுகிற குரலில் சொல்லவில்லை.

விடிகிற நேரத்தில் வழியைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். தைப் பொங்கலுக்கு வந்திருந்த அக்காவுக்குப் பொங்கல்படியாக ஒரு பட்டுச்சேலை கொடுத்தாரே, அதை அவள் கட்டியிருக்க மாட்டாள். தையில் கொடுத்ததைக் கட்ட ஒரு விசேஷம் வரவேண்டும். விசேஷம் வருவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. அது புதுச்சேலை. பிறந்த வீட்டுச் சேலை. அங்கேயே பீரோவில் இருக்கிறது.

இப்போது திரையில் முகம் திரும்பி வந்தது. ஆவுடைநாயகம் தொண்டையைச் செருமினார். அவருக்கு முன்னால் இசக்கிராஜா முந்திக்கொண்டார். சங்கத்துச் செயலாளர். ஊரில் எந்தச் சாவிலும் இரங்கல் உரை அவருடையதுதான். ஊரடங்கு வந்த பிறகு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றதில், நோயைவிட அதிகமாக அவதிப்பட்டவர்.

"மேலகரம் பெரிய வீட்டுப் பெண்மணி, குலவிளக்கு உலகம்மை அவர்களின் மறைவு ஈடுசெய்ய இயலாத பேரிழப்பு. இந்தக் கொடிய கிருமி ஒரு வரலாற்றையே…"

"சித்தப்பா, கொஞ்சம் இருங்க. குமரன் அத்தான் லைன்ல வந்துட்டாவ," என்று மீனா அவரை ஊமையாக்கினாள். இசக்கிராஜா அது தெரியாமல் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார்.

முத்துகுமரனின் முகம் பெரிதாக வந்தது. கல்யாணமாகாதவன், அந்த வீட்டில் இப்போது தனியாக இருந்தான். மூன்று நாள் தாடி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"மாமா, வண்டி கிளம்பிடுச்சாம். நான் நேரா மயானத்துக்கு வரணும்னு சொல்லிட்டாங்க. சேலை எதுன்னு பாத்துச் சொல்லுங்க, எடுத்துட்டு ஓடுறேன்."

"பீரோவத் திறலே. நான் பொங்கலுக்கு எடுத்துக் குடுத்த பட்டு. அக்கா தனியாத்தான் வச்சிருப்பா."

அவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டே பீரோவைத் திறந்தான். பாச்சா உருண்டையின் வாசனை மேலகரம் வரை வந்துவிட்டது போலிருந்தது இராமலட்சுமிக்கு. மேல்தட்டில் ஒரே ஒரு சேலை, தென்காசிக் கடையின் பிளாஸ்டிக் கவரோடு, ஓரத்தில் தனியாக இருந்தது.

"இதான மாமா?"

"அதேதான்! பாத்தியளா எல்லாரும்? கவரு கூடப் பிரிக்கல. தம்பி குடுத்ததுன்னு பொத்திப் பொத்தி வச்சிருக்கா. என் கையால பாத்துப் பாத்து எடுத்த சேலை அது."

பாத்துப் பாத்து எடுத்ததுதான். பொங்கலுக்கு முந்தின நாள், ஈஸி சேரில் பேப்பர் படித்தபடி அவர் சொன்னது இராமலட்சுமிக்கு நினைவிருந்தது: "அக்காவுக்கு ஒரு சேலை வைக்கணும்லா. இப்ப யாரு கடைக்கு அலையுதது? பீரோவுல ஏதாச்சும் கெடக்கும், எடுத்து வையி." அவள்தான் எடுத்து வைத்தாள். மீனா கல்யாணத்துக்கு வந்து குவிந்த சேலைகள் அப்போதும் பீரோ நிறைய இருந்தன. இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒரு விசேஷத்தில் வந்த சேலை அடுத்த விசேஷத்துக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். கட்டுவாரில்லாமல் ஜில்லா முழுக்கச் சுற்றி வருகிற சேலைகள் உண்டு. அந்தப் போக்குவரத்துக்கு ஒரே ஒரு விதிதான், எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விடக் கூடாது.

முத்துகுமரன் சேலையைக் கவரிலிருந்து உருவினான். கத்தரிப்பூ நிறம். மாம்பழ மஞ்சளில் பட்டைக் கரை.

இராமலட்சுமி ஒரு எட்டு முன்னால் வந்து திரையை உற்றுப் பார்த்தாள்.

அந்தக் கத்தரிப்பூ அவள் மடியில் விழுந்த இடம் அவளுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. மீனாவின் கல்யாண மண்டபம், மணமகள் அறை, சுவர் ஓரமாக ஒரு நாற்காலி. உலகம்மை மூச்சு வாங்க வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாரும் பொண்ணுக்குத்தான் வைப்பாவ, பெத்தவளுக்கு யாரு வைப்பா? இந்தா லெச்சுமி, நானே போயி எடுத்தேன், ஒனக்கு," என்று மடியில் வைத்த சேலை. அன்றைக்கிருந்த களேபரத்தில் அதையும் மற்றதோடு சேர்த்து பீரோவில் அடுக்கினாள். ஒரு வருஷம் கழித்துப் புதுக் கவரில் போட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, அதை உலகம்மையின் கையிலேயே கொடுத்தாள்.

உலகம்மை இரண்டு கையாலும் வாங்கினாள். கரையைத் தடவிப் பார்த்தாள். "நல்ல கலருட்டி லெச்சுமி. என் மனசுல இருந்ததப் பாத்து எடுத்த மாதிரி இருக்கு," என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இராமலட்சுமியும் பதிலுக்குச் சிரித்தாள்.

திரையில் ஆவுடைநாயகம் ஏற்ற இறக்கத்தோடு பேசிக்கொண்டிருந்தார். மீனா தெரியாமல் இசக்கிராஜாவுக்குக் குரலைத் திருப்பிக் கொடுத்திருந்தாள். "பெரிய வீட்டுக் கோடின்னா சும்மாவா அண்ணாச்சி! கெட்டாலும் முறை மாறாத குடும்பம்லா," என்றார் அவர்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மீனாவுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியவே தெரியாது, பொங்கலன்று சேலையின் நிறத்தைக்கூட இவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது நெருப்புக்குள் போய்விடும். தெரிந்த ஒருத்தி பைக்குள் இருக்கிறாள். தன் கைக்காசில் எடுத்த சேலையைப் போர்த்திக்கொண்டு, பிறந்த வீட்டுக் கோடி என்ற பெயரில் அவள் போகப்போகிறாள். கடைசிவரை ஒன்றும் சொல்லாமல்.

"குமரா, அது வேண்டாம்," என்றாள் இராமலட்சுமி.

ஆவுடைநாயகம் திரும்பிப் பார்த்தார். சபையில் குறுக்கே பேசினால் பார்க்கிற பார்வை.

"ஏன்? அதுக்கு என்ன?"

"அது நம்ம எடுத்த சேலை இல்ல."

"பின்ன?"

"மைனி எடுத்தது. மீனா கல்யாணத்துக்கு எனக்கு எடுத்துக் குடுத்தாவ. யாரு குடுத்ததுன்னு மறந்துபோயி, பொங்கலுக்கு அவியளுக்கே வச்சுக் குடுத்திட்டேன்."

மிக்ஸி ஜாரில் சாய்ந்திருந்த போனுக்கு அது நன்றாகவே கேட்டது. தோசை தின்றவர் தின்பதை நிறுத்தினார். பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நெட்வொர்க் கெட்டுப்போயிற்று. "ஹலோ… ஹலோ… இங்கன சரியா கேக்கல," என்றார் இசக்கிராஜா, தரையைப் பார்த்தபடி. ஒரு கட்டம் கறுப்பாகியது. இன்னொன்று.

"எல்லாரும் இருக்கையிலயா சொல்லுத?" ஆவுடைநாயகத்தின் குரல் மேலே ஏறியது. "எனக்குன்னு ஒரு…" அதற்கு மேல் ஏறவில்லை. தோளிலிருந்து நேரியல் நழுவி நாற்காலிக்குப் பின்னால் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. விபூதி பூசிய நெற்றி சுருங்கிச் சுருங்கி, எதையோ கணக்குப் போடுகிறவர் மாதிரி ஆனார்.

"அப்ப…" என்றார் மெதுவாக. "அப்ப நம்ம வீட்டுலேர்ந்து அக்காவுக்கு ஒண்ணுமே போகலையா லெச்சுமி?"

அவளுக்கு அவருடைய முதுகில் கை வைக்க வேண்டும் போலிருந்தது. கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. வைக்கவில்லை.

"அத்தை," என்றான் முத்துகுமரன். அவனை எல்லாரும் மறந்தே போயிருந்தார்கள். சேலை இன்னும் அவன் கையில்தான் இருந்தது. "அம்மாவுக்குத் தெரியும் அத்தை. பொங்கல் முடிஞ்சு ஊர்லேர்ந்து வந்தோம்ல, அன்னைக்கு ரயில்லயே பிரிச்சுப் பாத்து ஒரே சிரிப்பு. எனக்கும் தெரியும். நானும் அம்மாவும் போய்த்தான எடுத்தோம்."

"ஏதாச்சும் சொன்னாவளா?"

"மாமாகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னா. நான்தான் கோவப்பட்டேன். கட்டப்போறியா இல்ல யாருக்காவது குடுத்துடுறியான்னு கேட்டேன்." அவன் மூக்கை உறிஞ்சினான். "ஏலே, சும்மாவா வந்திருக்கு? மேலகரத்துல ஒரு வருஷம் இருந்துட்டு வந்திருக்குலே, அப்படின்னா. என்னால நாலு நாள் சேந்தாப்ல அங்கன போயி இருக்க முடியுதா? இது இருந்துட்டு வந்திருக்குன்னா. யாருக்கும் குடுக்க மாட்டேன்னு மேல்தட்டுல வச்சா. அப்பப்ப எடுத்து மோந்து பாப்பா. பாச்சா உருண்டை வாசனைதான் அத்தை அடிக்கும். எங்க வீட்டு வாசனைம்பா."

வெளியே சாரல் ஓட்டில் விழுகிற சத்தம் கேட்டது.

"மாமா, வண்டி பாதி தூரம் வந்திருக்கும். எதைக் கொண்டு போக? சீக்கிரம் சொல்லுங்க."

ஆவுடைநாயகம் வாயைத் திறந்தார். மியூட்டில் இல்லை. ஆனாலும் குரல் வரவில்லை.

"அதையே கொண்டு போய்யா," என்றாள் இராமலட்சுமி.

மயானத்தில் அவனுக்கு வெள்ளை உடுப்பு மாட்டிவிட்டார்கள். கையில் உறை. போனைப் பிடிக்க முடியாமல் ஏதோ ஒரு சுவர்மேல் மல்லாக்க வைத்தான். அதற்குப் பிறகு திரையில் வந்தது வானம் மட்டும்தான். வெளுத்த வானம், மூலையில் ஒரு தகரக் கூரையின் ஓரம். அக்காவின் சாவில் தலைமை தாங்க ஆவுடைநாயகம் இரண்டு மணி நேரம் தயாரானது இந்த வானத்தைப் பார்ப்பதற்காகத்தான்.

வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சக்கரம் உருண்டது.

"கூட யாரு சார் வந்திருக்கீங்க?"

"நான் மட்டும்தான்."

"திறக்க முடியாது சார். மேலாப்புல போட்டுக்கங்க. தொடாமப் போடுங்க."

"மாமா," என்று தூரத்திலிருந்து முத்துகுமரனின் குரல் வந்தது, முகக்கவசத்துக்குள்ளிருந்து, அடைத்துப்போய். "மாமா, என்ன சொல்லிப் போடணும்?"

கோடி போடும்போது சொல்வதற்கு ஆவுடைநாயகம் நிறைய வைத்திருந்தார். பெரிய வீடு, வம்சம், தாத்தா கட்டிய மடம், எல்லாம் அதில் இருந்தது. அவர் போனுக்கு மிக அருகில் குனிந்தார். திரையில் இருந்த வானத்தின்மேல் இப்போது அவருடைய மூச்சு படும்.

"தம்பி வீட்டுலேர்ந்து வந்திருக்குன்னு சொல்லிப் போடுலே," என்றார்.

துணி விரிகிற சத்தம் கேட்டது. பட்டு என்பதால் கொஞ்சம் சத்தமாகவே கேட்டது. பிறகு இரும்புக் கதவு ஒன்று ஏறி இறங்கியது. தகரக் கூரையின் ஓரத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, போனை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

மீனா அழுதுகொண்டே கூட்டத்தை முடித்தாள்.

சாவுக்குப் போய்வந்தால் குளிக்க வேண்டும். போகாதவர்களும் குளிக்கத்தான் வேண்டும். ஆவுடைநாயகம் எழுந்து, பின்கட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மாற்று வேட்டி எடுத்துக்கொண்டு போகவில்லை. இராமலட்சுமி ஒரு வேட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே நின்றாள்.

உள்ளே குழாய் திறந்தது. தண்ணீர் வாளியில் விழுந்தது. முதலில் வெறும் வாளியின் சத்தம், பிறகு நிறைகிற வாளியின் சத்தம், பிறகு வாளி நிறைந்து தரையில் வழிகிற சத்தம். கோப்பையால் மொண்டு ஊற்றுகிற சத்தம் மட்டும் வரவில்லை.

கதவின் அடியில் தண்ணீர் கசிந்து வந்து அவள் கால்விரல்களை நனைத்தது. அவள் கதவைத் தட்டவில்லை. வேட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.